இளநீரும் இழைய வளர்ப்பும்

முருங்கைக் கொம்பொன்றை வெட்டி வேலியோரத்தில் ஊன்றினால் அது சில வாரங்களில் தளிர்த்துவிடும். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துக் குடிமக்கள் தங்கள் வளவுகளுக்கு உயிர்வேலி அமைப்பது இவ்வியல்பை நம்பியேயாம். ஆனால், அதே வளவினுள் நிற்கும் தென்னைக்கும் பனைக்கும் கமுகுக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. அவற்றுக்கு உள்ளது ஒரே குருத்து. அக்குருத்து அழுகினால் மரம் பட்டதே. கிளை இல்லை, ஒட்டுவதற்கு மொட்டும் இல்லை. நன்றாய்க் காய்க்கும் நெட்டைத் தென்னையொன்றை அதே குணத்தோடு இன்னொன்றாகப் பெற விரும்பும் தோட்டக்காரர் அதன் தேங்காயை முளைக்கவைப்பதன்றி வேறு வழி அறியார். அத்தேங்காயோ பெரும்பாலும் அயல் மரத்து மகரந்தத்தால் உண்டானது. ஆதலின், தாயைப் போலவே பிள்ளையும் இருக்கும் என்ற உறுதி அங்கே இல்லை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இழைய வளர்ப்பு. தாவரத்தின் சிறு துண்டொன்றைக் கண்ணாடிக் குழாயினுள் வைத்து, கிருமி அணுகாவண்ணம் காத்து, உணவும் ஓமோனும் ஊட்டி, அதிலிருந்து முழுத் தாவரத்தையே திரும்பப் பெறும் கலைக்கு இப்பெயர். இக்கலை வளர்ந்த கதையில் தென்னைக்கு எதிர்பாராத ஓரிடம் உண்டு. பிற தாவரங்களின் கலங்களைப் பெருகச் செய்வதற்கு வழிகாட்டியது இளநீர். ஆனால், இளநீரைத் தந்த தென்னையோ அவ்வழியால் இன்றும் எளிதிற் பெருகுவதில்லை. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1902ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் கொத்லீப் ஹபர்லாண்ட் என்பார், இலையிலிருந்து தனிக் கலங்களைப் பிரித்தெடுத்து, உப்புக்களும் சீனியும் கரைந்த நீரில் வளர்க்க முயன்ற வரலாற்றை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய எண்ணம் துணிவானது. வித்தினுள் இருந்த முதற்கலம் ஒன்றே பிளந்து பிளந்து மரமாயிற்று என்றால், அம்மரத்தின் எக்கலத்தினுள்ளும் முழு மரத்தையும் ஆக்கும் ஆற்றல் உறைந்திருத்தல் வேண்டுமன்றோ? தனியாக்கிய கலமொன்றிலிருந்து முளையத்தையே உண்டாக்கும் காலம் வரும் என்றும் அவர் எழுதிவைத்தார். ஆனால், அவர் கையிலிருந்த கலங்கள் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. அவை உயிரோடு இருந்தன; பருத்தன; ஒன்றேனும் இரண்டாகப் பிளவுபடவில்லை.

அவருக்குக் கிடைக்காதிருந்தவை ஓமோன்கள். ஓமோன் என்ற சொல்லே 1905இல்தான், அதுவும் விலங்குகளின் உடலைப் பற்றிய ஆராய்ச்சியில், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞரால் வழங்கப்பட்டது. தாவரங்களிலும் அத்தகைய பொருள் உண்டென்பதை 1926ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தில் ஃபிரிட்ஸ் வெண்ட் என்ற இளைஞர் நிலைநாட்டினார். ஓட்ஸ் நாற்றின் நுனியைக் கிள்ளி, அகார் என்ற கடற்பாசிக் களியின் துண்டொன்றின்மேல் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் அக்களித் துண்டை நுனி இழந்த நாற்றின் ஒரு பக்கத்தில் வைத்தார். நாற்று மறுபக்கம் வளைந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒன்று களிக்குள் இறங்கி, களியிலிருந்து தண்டுக்குட் சென்று, அந்தப் பக்கத்தை மட்டும் நீளச் செய்திருக்கிறது. இவ்வகைப் பொருளுக்கு ஒட்சின் என்று பெயர். அதன் முதன்மையான வடிவம் 1934இல் மனிதரின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்றால் வாசகர்கள் முகஞ் சுளிக்கலாம். விஞ்ஞானம் அத்தகைய ஆசாரங்களைப் பார்ப்பதில்லை.

ஒட்சின் கைக்கு வந்ததன் பின்னர் காரியம் விரைந்தது. 1939இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் மூவர் தனித்தனியே, வெட்டியெடுத்த தாவரத் துண்டுகளை முடிவின்றி வளர்த்துக் காட்டினர். எண்பதைக் கடந்துவிட்ட ஹபர்லாண்ட் அப்போது உயிரோடிருந்தார். ஆயினும், வளர்ந்தது செடியன்று. வேரும் இல்லாத, இலையும் இல்லாத, உருவமற்ற கலத்திரள். இதனைக் கலஸ் என்பர். மரத்தில் வெட்டுக்காயம் பட்ட இடத்தில் திரண்டு நிற்கும் கட்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் தன்மை விளங்கும்.

இங்கேதான் இளநீர் வருகின்றது. 1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக் என்பாரும் அவருடைய துணைவர்களும் ஊமத்தையின் மிக இளைய முளையங்களை வித்திலிருந்து வெளியே எடுத்து வளர்க்க முயன்றனர். சீனியும் உப்பும் உயிர்ச்சத்துக்களும் அவற்றுக்குப் போதவில்லை. முளையத்தைத் தாய்போலச் சூழ்ந்து ஊட்டும் வித்தகவிழையம் ஏதோ ஒன்றைத் தருகின்றது என்று அவர்கள் எண்ணினர். வித்தகவிழையத்தைத் திரவமாகவே, கை நிறைய, கிருமியின்றிப் பெறத்தக்க இடம் உலகில் எது? தேங்காயின் உட்புறமே. இளநீரைச் சேர்த்ததும் கண்ணுக்குத் தெரியாத அளவினவாய் இருந்த முளையங்கள் வளரத் தொடங்கின. நாம் தாகத்துக்குக் குடிப்பது தென்னம்பிள்ளைக்கு வைத்த பால் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பரிசோதனை வேறில்லை.

இளநீரில் இருப்பது யாது என்ற கேள்வி விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தை அலைக்கழித்தது. அங்கே அவர்கள் புகையிலைத் தண்டின் நடுவிலுள்ள பஞ்சுபோன்ற பகுதியை வளர்த்துக்கொண்டிருந்தனர். ஒட்சினை மட்டும் கொடுத்தால், ஹபர்லாண்டின் கலங்களைப் போலவே, கலங்கள் பருத்தன, பிளவுபடவில்லை. இளநீர் சேர்த்தால் பிளவுபட்டன. மதுவத்தின் சாறும் அவ்வாறே செய்தது. இவற்றுக்குப் பொதுவான பொருள் டி.என்.ஏ.யோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று ஐயுற்ற மில்லர் என்ற ஆராய்ச்சியாளர், அலமாரியிலிருந்த பழைய போத்தலொன்றை எடுத்தார். ஹெரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. அதில் இருந்தது. அதைச் சேர்த்ததும் கலங்கள் வெகுவாகப் பெருகின. போத்தல் தீர்ந்தது, புதியதொன்று வாங்கினர். புதியதால் ஒரு பயனும் விளையவில்லை! வேறொருவராயின் முதற் பரிசோதனையே பிழை என்று கைவிட்டிருப்பர். இவர்களோ, பழையதில் உள்ளதும் புதியதில் இல்லாததும் யாது என்று கேட்டனர். விடை எளிது: பழமை. டி.என்.ஏ. நாட்பட்டுச் சிதைந்தபோது உண்டான பொருளே வேலை செய்தது. புதியதை நீராவி அமுக்கப் பாத்திரத்தில் இட்டு வேகவைத்தபோது அதிலும் அப்பொருள் தோன்றியது. 1955இல் அதற்குக் கைனற்றின் என்று பெயரிட்டனர். இந்த இனத்துப் பொருள்களே இன்று சைற்றோகைனின்கள் எனப்படுவன. 1963இல் முற்றாத சோளமணியிலிருந்து இயற்கையான சைற்றோகைனின் ஒன்றும் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் உறவுப்பொருள் இளநீரிலும் உண்டென்பது பின்னர் உறுதியாயிற்று.

மாணவ நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டியது அடுத்த செய்தி. 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் வெளியிட்ட ஆய்வின்படி, கலத்திரளின் விதியைத் தீர்மானிப்பது இவ்விரு ஓமோன்களில் ஏதேனும் ஒன்று அன்று, அவற்றின் விகிதமே. ஒட்சின் மிகுந்து சைற்றோகைனின் குறைந்தால் வேர் தோன்றும். சைற்றோகைனின் மிகுந்து ஒட்சின் குறைந்தால் தளிர் தோன்றும். இரண்டும் இடைநிலையில் நின்றால் உருவமற்ற கலஸ் பெருகிக்கொண்டே இருக்கும். ஒரே செடியின் ஒரே துண்டு, ஒரே உணவு, ஒரு லீற்றருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவினவாகிய இரு பொருள்களை ஏற்றியிறக்குவதால் மட்டும் இத்தனை வேறுபாடு. உப்பும் புளியும் தனித்தனியே சுவையல்ல, ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவிலேயே குழம்பின் சுவை இருக்கின்றது என்பதை இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. விலங்குகளில் ஒவ்வோர் ஓமோனுக்கும் ஒரு தொழில் என்று கற்றுப் பழகிய அக்கால அறிஞர்களுக்கோ இது புதுமையாக இருந்தது.

ஹபர்லாண்டின் கனவு முற்றாக நிறைவேறியது இதற்குப் பின்னரே. 1958இல் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவார்ட் என்பார், கரட் கிழங்கின் கலங்களை மீண்டும் இளநீர் கலந்த திரவத்திலேயே சுழலவிட்டு, அவற்றிலிருந்து செடிகளை உண்டாக்கினார். தொடங்கியது தனியொரு கலமா, ஒட்டியிருந்த சிலவா என்ற ஐயம் அப்போதும் எஞ்சியது. 1965இல் விஸ்கொன்சினில் வாசில், ஹில்டெபிராண்ட் என்னும் இருவர், தனிமைப்படுத்திய ஒற்றைப் புகையிலைக் கலத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் கண்காணித்து, அது பூக்கும் செடியாகும்வரை வளர்த்து அவ்வையத்தைத் தீர்த்தனர். இதற்கு ஓராண்டு முன்னதாக, 1964இல், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகா, மகேஸ்வரி ஆகியோர் ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்தே முளையங்களைப் பெற்றனர் என்பதையும் ஈண்டு குறிப்பிடுதல் தகும்.

இன்று இழைய வளர்ப்புக் கூடமொன்றினுள் நுழைபவர் காண்பது சமையலறையையும் சத்திரசிகிச்சைக் கூடத்தையும் ஒன்றாக்கிய இடம். உணவு தயாராகும் முறை பெரும்பாலும் 1962இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்ததே. முராஷிகே முதலில் தேடியது உப்பையன்று. புகையிலைச் சாற்றில் புதியதோர் ஓமோனைத் தேடினார். சாறு சேர்த்தால் வளர்ச்சி மிகுந்தது. ஆனால், அவ்வளர்ச்சியின் பெரும்பங்கு சாற்றிலிருந்த கனியுப்புக்களால் விளைந்தது என்பது பின்னர் வெளியாயிற்று. தேடியது கிடைக்காவிடினும், கிடைத்ததைக் கொண்டு உலகமெங்கும் வழங்கும் உணவுக் குறிப்பொன்று உருவாயிற்று. கனியுப்புக்களோடு லீற்றருக்கு 30 கிராம் சீனி, சிறிது உயிர்ச்சத்து, இறுகுவதற்கு அகார், வேண்டிய விகிதத்தில் ஓமோன். இவற்றை 121 பாகை வெப்பத்தில் நீராவி அமுக்கத்தில் வேகவைத்துப் போத்தல்களில் ஆறவிடுவர். இத்தகைய இனிப்பான களியில் ஒரு பூஞ்சண வித்து விழுந்தாலும் இரண்டு நாளில் செடி மறைந்து பூஞ்சணமே எஞ்சும். ஆதலாற்றான் இவ்வளவு தூய்மை.

வாழையில் இதன் பயனைக் கண்கூடாகக் காணலாம். வாழைக்குட்டியின் மடல்களை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே விரல்நுனியிலும் சிறியதாயுள்ள குருத்தை எடுத்து, சைற்றோகைனின் மிகுந்த களியில் வைத்தால் ஒன்று பலவாகும். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்து வைத்தால் ஓராண்டுக்குள் ஒரு குட்டி ஆயிரத்தைத் தாண்டும். பின்னர் ஒட்சின் கொடுத்து வேர்விடச் செய்வர். ஆனால், மிகுதியான இழப்பு நேர்வது இனித்தான். போத்தலினுள் நீராவி நிறைந்த காற்றிலும் சீனியிலும் வளர்ந்த பிள்ளைக்கு இலைமேல் மெழுகுப் படை சரியாக அமைவதில்லை; இலைவாய்கள் மூடப் பழகியிருப்பதில்லை. நேரே வெயிலில் வைத்தால் ஒரு பகலில் வாடிவிடும். நிழற்கூடத்தில், ஈரக் காற்றில், வாரக்கணக்காகச் சிறிது சிறிதாய் வெளியுலகுக்குப் பழக்கவேண்டும். கூடத்தில் வல்லவராயிருந்து நிழற்கூடத்தில் தோற்றவர் பலர்.

குழாயில் வளர்ந்த கன்று நோயற்றது என்று விற்பவர் சொல்வதையும் அப்படியே நம்பிவிடலாகாது. பக்ரீரியாவும் பூஞ்சணமும் நீங்கியிருக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. குருத்தின் நுனியில் வைரசு அருகியிருக்கும் என்பதையும் 1952இலேயே பிரான்சில் மோரெலும் மார்ட்டினும் டாலியாச் செடியில் காட்டினர். ஆனால், தாய்க்குட்டி குருக்கன் நோயின் வைரசைக் கொண்டிருந்து, அதைச் சோதியாது விட்டால், ஆயிரம் கன்றுகளோடு ஆயிரம் நோயும் பெருகும். கன்று வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி, தாய் சோதிக்கப்பட்டதா என்பதே.

ஓமோன் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவோர் உளர். அவர்களுக்கு நாம் சொல்வது இது: ஒட்சினும் சைற்றோகைனினும் நாம் உண்ணும் ஒவ்வொரு கீரையிலும் இயற்கையாகவே உள்ளன. குழாயிற் கொடுத்த சிறு துளி, வயலில் வாழை குலைதள்ளும் காலத்தில் எஞ்சியிருப்பதற்கு இடமில்லை. இதற்கு மறுதலையாக, சிறிது நல்லதென்றால் மிகுதி இன்னும் நல்லது என்று எண்ணி, பதியக் கொம்புகளுக்கு வேர்த்தூளை அள்ளிப் பூசுவோரும் உளர். அவர்கள் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வயல்களில் களை கொல்வதற்குத் தெளிக்கும் 2,4-டி என்பது செயற்கை ஒட்சினே. குழாயினுள் மில்லிகிராம் அளவில் அது கலத்தைப் பெருகச் செய்கின்றது. வயலில் மிகையாகும்போது அகன்ற இலைத் தாவரத்தை ஒழுங்கற்று வளரச்செய்தே கொல்லுகின்றது.

இனித் தென்னைக்கு வருவோம். 1970களில் இங்கிலாந்தின் வை கல்லூரியில் தென்னை இழையத்தை வளர்க்கும் முயற்சி தொடங்கியது. 1983இல் அங்கிருந்து இவ்வழியிற் பிறந்த தென்னங்கன்று பற்றிய செய்தி வெளிவந்தது. ஆயினும், புகையிலை காட்டிய இணக்கத்தைத் தென்னை காட்டவில்லை. வெட்டிய துண்டு சிறிது நேரத்தில் பழுப்பு நிறமாகித் தன் சாற்றாலேயே நஞ்சூட்டப்பட்டு இறக்கும். அந்நஞ்சை உறிஞ்சுவதற்குக் களியில் கரித்தூள் சேர்க்கவேண்டும். கரித்தூளோ நஞ்சை மட்டும் உறிஞ்சி நிற்பதில்லை. கொடுத்த 2,4-டியின் பெரும்பகுதியையும் உறிஞ்சிவிடும். ஆதலின், விகிதமே அனைத்தும் என்று கண்ட இக்கலையில், கலத்துக்கு உண்மையாகச் சென்றுசேர்ந்த ஓமோன் எவ்வளவு என்பது ஆராய்ச்சியாளரின் கைக்கு அகப்படாமல் நழுவுகின்றது. புளியை ஊற்றிவிட்டு, சட்டியே அதில் பாதியைக் குடித்துவிட்டால் சமையற்காரர் என் செய்வார்?

நமது நாட்டில் லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தவர் இத்துறையில் நீண்டகாலமாக உழைத்து வருகின்றனர். பிரெஞ்சு ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கருக்கட்டாத பெண்பூவின் சூலகத்திலிருந்து கலஸையும் முளையங்களையும் கன்றுகளையும் பெற்ற முறை கூறப்பட்டுள்ளது. இதன் சிறப்பு யாதெனில், சூலகம் தாய்மரத்தின் சொந்த இழையம். அயல் மகரந்தம் அதிற் கலக்கவில்லை. அதை எடுப்பதற்கு மரத்தைக் கொல்லவும் வேண்டியதில்லை. 2021இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தார், தென்னையின் இளந்தளிரைக் குழாயினுள் பக்கத்தளிர் விடச் செய்து பெருக்கும் வேறொரு வழியை அறிவித்தனர். பெருக்கத்தின் வேகத்தில் இது மேலானதாகத் தோன்றுகின்றது. ஆனால், அங்கே தொடக்கம் தேங்காயினுள் இருந்த முளையம். அது வளர்ந்து எத்தகைய மரமாகும் என்பதை எவரும் கண்டதில்லை. காய்த்துக் காட்டிய மரத்தின் படி நமக்கு வேண்டுமாயின், சூலகம் போன்ற கடினமான வழியிலேயே செல்லவேண்டியிருக்கின்றது.

இது ஆய்வுகூடத்து ஆவல் மட்டுமன்று. 2006இல் வெலிகமப் பகுதியில் தென்னையின் ஓலை வாடும் நோய் இனங்காணப்பட்டது. நோயுற்ற தோப்பொன்றின் நடுவே ஒரு மரம் மட்டும் பசுமையாக நின்றால், அம்மரத்தின் அந்தக் குணத்தையே ஆயிரமாக்குதல் எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை எண்ணிப்பாருங்கள். அத்தகைய மரத்தின் தேங்காய்களைப் பொறுக்கி நட்டால் சிலவற்றுக்கு அக்குணம் வரலாம், சிலவற்றுக்கு வராமற்போகலாம்.

ஆயினும், அவசரப்படுதல் கூடாது என்பதற்குத் தென்னையின் உறவான எண்ணெய்ப் பனை சாட்சி. மலேசியாவில் குழாயில் பெருக்கிய எண்ணெய்ப் பனைகள் கன்றில் குறையின்றித் தோன்றின. தோட்டத்தில் நட்டுச் சில ஆண்டுகளின் பின்னர், 1980களில், அவற்றுட் பல உருக்கெட்ட காய்களையே காய்த்தன. மரபணு எழுத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அவ்வெழுத்தின்மேல் உள்ள இரசாயனக் குறிகளே குழாய் வாழ்க்கையில் அழிந்துவிட்டன என்பது 2015இல்தான் தெளிவாயிற்று. ஒரே அச்சில் வார்த்த தோப்பிலே நோய் வந்தால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும் என்ற அச்சமும் உண்டு. உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழை 1950களில் பனாமா நோயால் வீழ்ந்தது அவ்வாறே. அதற்கு இழைய வளர்ப்புக்கூட வேண்டியிருக்கவில்லை, குட்டியிலிருந்து குட்டியாகப் பெருக்கியதே போதுமாயிருந்தது.

நெட்டைத் தென்னை பாளைவிடுவதற்கே ஆறேழு ஆண்டுகள் செல்லும். குழாயிற் பிறந்த கன்று தாயைப் போலக் காய்த்ததா என்று அறிய அத்தனை காலம் காத்திருக்கவேண்டும். நோயை எதிர்த்து நின்றதா என்று அறிய இன்னும் நெடுங்காலம். அதுவரையில் நாற்றுமேடையே நமது தோட்டக்காரருக்குக் கைகொடுப்பது. ஒரே நாளில் பதித்த தேங்காய்களுள் முந்தி முளைத்தவை, கழுத்துப் பருத்தவை, இளமையிலேயே ஓலை பிரிந்தவை ஆகியவற்றைத் தெரிந்து நடுக. பிந்தி முளைத்து மெலிந்து நிற்பவற்றை, இலவசமாகக் கிடைத்தாலும், ஒதுக்கிவிடுக.